வயிற்றுக்கு உபதேசம்

"வாயைக் கட்டுங்கள்" என்ற இரண்டு வார்த்தையைப் போல் இந்த நாட்டில் மலிவாகக் கிடைக்கும் சரக்கு வேறொன்றும் இல்லை. சர்க்கரை வியாதிக்காரரைக் கண்டால் சொல்லுகிறோம். கொஞ்சம் சதை போட்ட பெண்ணைக் கண்டால், அவள் கேட்காமலே சொல்லுகிறோம். வீடு கட்டுகிற இடத்தில் சிற்றாள் ஒருவன் தூக்குவாளி நிறையச் சோறு சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, அவன் காதில் விழாமல் நமக்குள் சொல்லிச் சிரித்துக் கொள்ளுகிறோம். சொல்லுகிறவருக்கு இதில் காலணாச் செலவில்லை. படிப்பு வேண்டியதில்லை. சொல்லி முடித்ததும், கேட்டவரைவிடத் தாம் ஒரு படி உயர்ந்து நிற்பது போன்ற சுகம் வேறு கிடைக்கிறது. இத்தனை லாபமுள்ள உபதேசத்தை யார் விடுவார்கள்?

இந்த உபதேசத்துக்கு அடியில் இரண்டு நம்பிக்கைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, வயிறு என்பது ஓர் அடுப்பு. எந்த விறகைப் போட்டால் என்ன, எவ்வளவு சூடு வருகிறது என்ற கணக்குத்தான் கணக்கு. மற்றொன்று, பசி என்பது ஒரு குணம். ஒழுக்கமுள்ளவனுக்கு அளவாகவும் ஒழுக்கங்கெட்டவனுக்கு அளவின்றியும் வருவது. முதல் நம்பிக்கை பாதிப் பொய். இரண்டாவது முழுப் பொய்.

நான் விஞ்ஞானி அல்லன். கல்லூரியில் இரண்டு வருஷத்தைக் கழித்துவிட்டு வெளியே வந்து கதை எழுதுகிறவன். ஆனால் மனிதர்களுடைய பசியைப் பற்றி எழுதியே பிழைக்கிற ஒருவனுக்கு, அந்தப் பசி எங்கே குடியிருக்கிறது என்று விசாரிக்கிற உரிமையாவது உண்டு அல்லவா? விசாரித்தேன். அது குணத்தில் இல்லை. அதில் பெரும் பகுதி ரத்தத்தில், ஊசியால் எடுத்து அளந்து பார்க்கக்கூடிய நிலையில் ஓடிக் கொண்டிருக்கிறது.

கதை 1902ஆம் வருஷம் ஜனவரி மாதம், லண்டன் யூனிவர்சிடி காலேஜில் ஆரம்பிக்கிறது. பேலிஸ், ஸ்டார்லிங் என்று இரண்டு பேர். ஸ்டார்லிங்கின் சகோதரியைக் கட்டியவர் பேலிஸ், ஆகவே மைத்துனர்கள். அந்த நாளில் ஜீரண விஷயத்தில் ருஷ்யாவின் பாவ்லாவ் சொன்னதுதான் சட்டம். எல்லாவற்றையும் நடத்துவது நரம்புதான் என்பது அவர் கட்சி. மைத்துனர்கள் மயக்க மருந்து கொடுத்த நாய் ஒன்றின் சிறுகுடலில் ஒரு துண்டுக்குப் போகும் நரம்புகளை அறுத்துவிட்டு, அதற்குள் அமிலத்தை விட்டார்கள். செய்தி போக நரம்பு இல்லை. ஆனாலும் கணையத்திலிருந்து நீர் சொட்டியது! பிறகு குடலின் உள்தோலைச் சுரண்டி, அமிலத்தோடு அரைத்து, வடிகட்டி ரத்தக் குழாயில் ஏற்றினார்கள். அப்போதும் சொட்டியது. நரம்பு என்ற தந்திக் கம்பி இல்லாமலே, ரத்தம் என்ற ஆற்றில் ஓலை ஒன்று மிதந்து போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த ஓலைக்குச் செக்ரிடின் என்று பெயர் வைத்தார்கள். 1905இல் ஸ்டார்லிங் இப்படிப்பட்ட ஓலைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு பொதுப் பெயர் சொன்னார். அதுதான் ஹார்மோன்.

ஹார்மோன் என்றாலே நம்மவர்களுக்குப் பதினாறு வயசும் பருவும் மீசையும் ஞாபகத்துக்கு வருகின்றன. அந்தச் சொல் பிறந்தது குடலை ஒட்டித்தான். நாம் அருவருப்போடு நினைக்கிற அந்த உறுப்புத்தான் தேகத்தில் உள்ள மிகப் பெரிய ஹார்மோன் தொழிற்சாலை.

அதன் பிறகு ஓலைகள் ஒவ்வொன்றாக அகப்பட ஆரம்பித்தன. 1928இல் அமெரிக்காவில் ஐவி, ஓல்ட்பெர்க் என்ற இருவர், பித்தப் பையைச் சுருங்கச் செய்யும் கோலிசிஸ்டோகைனினைக் காட்டினார்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பித்தப் பையை அசைப்பது என்பதுதான் அதன் பொருள். பிறகு வந்தவற்றுக்கு வாயில் நுழையக்கூடிய பெயர் வைக்கப் பொறுமை இல்லாமல் ஜி.ஐ.பி., ஜி.எல்.பி.-1, பி.ஒய்.ஒய். என்று ரயில்வே இலாகாவைப் போலச் சுருக்கிவிட்டார்கள். இவை ரத்தத்தில் இருக்கிற அளவோ அற்பத்திலும் அற்பம். ரோஸலின் யாலோ என்ற அம்மையாரும் பெர்ஸன் என்பவரும் நியூயார்க் பிராங்க்ஸ் பகுதியிலுள்ள படைவீரர் ஆஸ்பத்திரியில் 1960ஐ ஒட்டி, கதிரியக்கத்தைக் கொண்டு அளக்கும் முறையை வகுத்த பிறகுதான் இவற்றை நிறுக்கத் தராசு கிடைத்தது. அந்த அம்மையாருக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. பெர்ஸன் அதற்கு ஐந்து வருஷம் முன்பே இறந்து போய்விட்டார்.

தராசு கிடைத்ததும் தெரிந்த சங்கதிதான் நம் உபதேசிகளுக்கு ஆகாத சங்கதி. குடல், வருகிற ஆகாரத்தை அளவு மட்டும் பார்த்து வாங்கிப் போட்டுக் கொள்ளுவதில்லை, ரகம் பார்க்கிறது. புரதம் உடைந்து வந்தால் இரைப்பையிலிருந்து காஸ்ட்ரின் ஏறுகிறது. வெறும் சர்க்கரைத் தண்ணீருக்கு அது அசைந்து கொடுப்பதே அபூர்வம். கொழுப்பும் புரதமும் வந்தால் கோலிசிஸ்டோகைனின் ஏறுகிறது. கொழுப்பிலும் எல்லாக் கொழுப்பும் அதற்கு ஒன்றல்ல. கொழுப்பு அமிலத்தின் சங்கிலியில் பன்னிரண்டு கரி அணுக்களாவது இருக்க வேண்டும். அதற்குக் குட்டையான சங்கிலியைக் குடல் கண்டுகொள்ளுவதில்லை. எண்ணிப் பார்த்து ஆள் எடுக்கிற இப்படி ஒரு காவல்காரனைத்தான் நாம் அடுப்பு என்கிறோம்! ஜி.ஐ.பி. குளுகோஸுக்கும் கொழுப்புக்கும் பதில் சொல்லுகிறது. ஜி.எல்.பி.-1 மூன்றுக்குமே சொல்லுகிறது. பி.ஒய்.ஒய். கொழுப்புக்கும் புரதத்துக்கும் நன்றாக ஏறி, சாப்பிட்ட பிறகு பல மணி நேரம் இறங்காமல் நிற்கிறது. இவற்றில் சில கணையத்துக்குப் போகின்றன. சில இரைப்பையின் வாசலைச் சாத்தி, 'மெதுவாக அனுப்பு' என்கின்றன. சில மூளை வரைக்கும் எட்டி, 'போதும்' என்கின்றன. 1973இல் கிப்ஸ், யங், ஸ்மித் மூவரும் எலிகளுக்குக் கோலிசிஸ்டோகைனினை ஊசி வழியாகக் கொடுத்தபோது, அவை வழக்கத்தைவிடக் குறைவாகத் தின்றன. அந்த எலிகளுக்கு யாரும் புலனடக்கத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை.

நான் விரும்பிப் படித்த பரிசோதனை ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் குளுகோஸ் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே குளுகோஸை வாயாலும் குடிக்கலாம். இரண்டும் ரத்தத்தில் போய்ச் சேருகிற சர்க்கரைதானே? எந்த வாசல் வழியாக வந்தால் என்ன? அடுப்புக் கட்சிக்காரர்கள் அப்படித்தான் சொல்ல வேண்டும். 1964இல் லண்டனில் மக்கின்டயர் முதலிய மூவர் இதைச் சோதித்தார்கள். குடலுக்குள் விட்ட குளுகோஸ், ரத்தக் குழாயில் ஏற்றியதைவிட அதிகமான இன்சுலினை வரவழைத்தது. 1967இல் அமெரிக்காவில் பெர்லி, கிப்னிஸ் இருவரும் இதையே இன்னும் கண்டிப்பாகச் செய்தார்கள். வாயால் குடித்தால் ரத்தச் சர்க்கரை எப்படி ஏறி இறங்குகிறதோ, அதே மாதிரி ஏறி இறங்கும்படி குழாய் வழியாகவும் ஏற்றினார்கள். ரத்தத்தில் சர்க்கரை இரண்டிலும் சமம். இன்சுலின் சமமில்லை, வாய் வழிக்குத்தான் வெகு அதிகம். குளுகோஸ் குடல் வழியாக வரும்போது குடல் சும்மா இருப்பதில்லை. 'சர்க்கரை வருகிறது, தயாராக இரு' என்று ஜி.ஐ.பி., ஜி.எல்.பி.-1 இரண்டையும் கணையத்துக்கு முன்னோடியாக அனுப்புகிறது. சாப்பிட்ட பின் சுரக்கும் இன்சுலினில் பாதிக்கு மேல் இந்த முன்னோடிகளின் கைங்கரியம்.

1986இல் ஜெர்மனியில் நௌக் என்பவரும் அவருடைய சகாக்களும் சர்க்கரை வியாதிக்காரர்களிடம் இதே பரிசோதனையைச் செய்து பார்த்தார்கள். வயசான பிறகு வருகிற ரகச் சர்க்கரை வியாதியைச் சொல்லுகிறேன். அவர்களிடம் முன்னோடிகளின் வேலை வெகுவாகத் தேய்ந்து போயிருந்தது. ஓலை போகிறது, வாங்கிப் படிக்கிறவனுக்குக் காது மந்தம். இப்போது சொல்லுங்கள். ஒரே தட்டில் ஒரே அளவு சாதத்தை நீங்களும் உங்கள் அண்ணனும் சாப்பிடுகிறீர்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு எகிறிப் போகிறது. இதில் அவருடைய ஒழுக்கக்கேடு எந்த இடத்தில் வருகிறது?

பசியைத் தூண்டுகிற ஹார்மோனும் ஒன்று உண்டு. க்ரெலின் என்று பெயர். 1999இல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா இருவரும் கண்டுபிடித்தார்கள். இரைப்பையிலிருந்து வருவது. சாப்பாட்டு வேளைக்கு முன் ஏறும், சாப்பிட்டால் இறங்கும். 2008இல் அமெரிக்காவில் சியாட்டிலில் இருந்த ஒரு கூட்டத்தார் பதினாறு பேருக்கு மூன்று தனித்தனி நாட்களில் மூன்று பானங்கள் கொடுத்தார்கள். உஷ்ணக் கணக்கில் மூன்றும் சமம். ஒன்றில் பெரும் பகுதி மாவுச்சத்து, ஒன்றில் புரதம், ஒன்றில் கொழுப்பு. பிறகு மணிக்கணக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கொழுப்புக்கு க்ரெலின் அவ்வளவாக மசியவில்லை. புரதத்துக்கு நன்றாக இறங்கி, இறங்கின இடத்திலேயே நின்றது. மாவுச்சத்துக்கு முதலில் மளமளவென்று இறங்கியது. பிறகு திரும்பி ஏறியது. ஏறி, சாப்பிடுவதற்கு முன்னால் இருந்ததற்கும் மேலே போய் நின்றது.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். சிற்றாளின் தூக்குவாளி நினைவுக்கு வந்தது. ஒரு குவியல் சோறு, மேலே தண்ணீராக ஒரு குழம்பு, ஓரத்தில் ஒரு மிளகாய். காலை எட்டு மணிக்குச் சாப்பிட்டவன் பதினொரு மணிக்கு டீக்கும் பன்னுக்கும் போய் நிற்கிறான். "இப்போதுதானே தின்றான், இவனுக்கு வயிறா, வண்ணான் சாலா?" என்று மேஸ்திரி கேட்கிறார். மேஸ்திரியே, அவன் வயிறு சரியாகத்தான் வேலை செய்கிறது. நிரப்புவதற்குச் சோறு கிடைத்தது. நிறுத்துவதற்குப் பருப்போ முட்டையோ மீனோ கிடைக்கவில்லை. ரத்தத்தில் ஏறி நிற்பது க்ரெலின், பேராசை அல்ல.

ஒன்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் டாக்டர் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். பசி முழுக்க இந்த ஏழெட்டு ஓலைகளால் ஆனது என்று நான் சொல்லவில்லை. இரைப்பை விரிவதும், தூக்கம் கெடுவதும், பக்கத்து வீட்டில் தாளிக்கிற வாசனையும், பழக்கமும் அதில் சேர்த்தி. உஷ்ணக் கணக்கும் பொய்யல்ல. தேவைக்கு மேல் தின்றால் தேகம் கனக்கும். பௌதிக சாஸ்திரத்தை யாரும் ஏமாற்ற முடியாது. எவ்வளவு தின்றால் எவ்வளவு கனம் என்பதைத்தான் அந்தக் கணக்கு சொல்லும். எவ்வளவு தின்றால் மனசு 'போதும்' என்னும் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்லுவது ரகம். நம் உபதேசம் முழுவதும் இந்த இரண்டாவது கேள்விக்கு முதல் கணக்கைக் காட்டி ஏமாற்றுகிற வித்தை.

சரி, வாயைக் கட்டி இளைத்தே காட்டிய உத்தமர்களுக்காவது நிம்மதி உண்டா? 2011இல் ஆஸ்திரேலியாவில் மெல்போர்னிலிருந்து வந்த ஆராய்ச்சியைப் பாருங்கள். உடல் கனத்த ஐம்பது பேருக்குப் பத்து வாரம் அரைப் பட்டினிச் சாப்பாடு. சராசரி பதிமூன்றரைக் கிலோ குறைந்தார்கள். குறைந்ததும் க்ரெலின் ஏறியது, பி.ஒய்.ஒய்., கோலிசிஸ்டோகைனின் இரண்டும் இறங்கின. அதுகூடப் பரவாயில்லை. ஒரு வருஷம் கழித்துத் திரும்ப அளந்தபோதும் அவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஒரு வருஷம்! முந்நூற்று அறுபத்தைந்து நாளும் 'சாப்பிடு, சாப்பிடு' என்று ரத்தம் உள்ளேயிருந்து முழங்கிக் கொண்டே இருக்க, அந்த மனிதர் வெளியே புன்னகையோடு நடமாட வேண்டும். ஒரு நாள் தடுக்கி விழுந்து ஒரு தட்டு பிரியாணி சாப்பிட்டுவிட்டால், "பார்த்தீர்களா, கட்டுப்பாடு இல்லை" என்று சொல்ல நாம் வாசலிலேயே காத்திருக்கிறோம். அவருடைய கட்டுப்பாட்டில் பத்தில் ஒரு பங்கு உபதேசிக்கு இருக்குமா என்பது என் சந்தேகம். அவர் ரத்தம் அவரிடம் இப்படி முழங்கியதே இல்லை.

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. "இதெல்லாம் நம் முன்னோருக்குத் தெரிந்ததுதான், அதனால்தான் பருப்பையும் நெய்யையும் முதலில் வைத்தார்கள்" என்று எழுந்து நிற்பார்கள். 2015இல் நியூயார்க்கில் பதினொரு சர்க்கரை வியாதிக்காரர்களை வைத்து ஒரு சிறு பரிசோதனை நடந்தது. காய்கறியையும் கோழியையும் முதலில் சாப்பிட்டு, கால் மணி கழித்து ரொட்டி சாப்பிட்டபோது, ஒரு மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவாக இருந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் நம் இலையில் பருப்பு தனியாகவா வருகிறது? சாதத்தின் மேல் வருகிறது. கல்யாண இலையில் முதலில் விழுவது இனிப்பு. முன்னோரிடம் எனக்கு மரியாதை உண்டு. அவர்கள் செய்யாததைச் செய்ததாகச் சொல்லி அவர்களைப் பெருமைப்படுத்துவது மரியாதை ஆகாது. மேலும், நெய்யும் பருப்பும் எத்தனை வீட்டு முன்னோர்களின் இலையில் விழுந்தது என்ற கேள்வி ஒன்று இருக்கிறது. என் ஊரில் பாதித் தெருவுக்கு இலையே விழவில்லை.

இப்போது ஊசி வந்துவிட்டது. அதன் பிறப்பும் விநோதமானது. குடலிலிருந்து வருகிற ஜி.எல்.பி.-1 ரத்தத்தில் ஓரிரண்டு நிமிஷம் இருப்பதே பெரிது; அதற்குள் ஒரு என்ஸைம் வெட்டிவிடுகிறது. 1992இல் ஜான் எங் என்ற டாக்டர், யாலோ அம்மையார் இருந்த அதே பிராங்க்ஸ் ஆஸ்பத்திரியில், அமெரிக்கப் பாலைவனத்து விஷப் பல்லி ஒன்றின் எச்சிலில் இதே ஜாடையுள்ள, ஆனால் சீக்கிரம் சாகாத ஒரு பொருளைக் கண்டார். அதிலிருந்து வந்த மருந்து 2005இல் சர்க்கரை வியாதிக்கு அனுமதி பெற்றது. பிறகு வேறு வழியில் செய்த ஸெமாக்ளுடைட் வந்தது. வாரத்துக்கு ஒரு ஊசி போதும். 2021இல் வெளியான பரிசோதனையில், போட்டுக் கொண்டவர்களுக்கு 68 வாரத்தில் சராசரி நூற்றுக்குப் பதினைந்து பங்கு எடை குறைந்தது.

உபதேசிகளே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். நேற்று வரைக்கும் இவர்களுக்கு வாய்க்கட்டுப்பாடு இல்லை என்றீர்கள். இன்றைக்கு வாரம் ஒரு ஊசி போட்டதும் அதே மனிதர் பாதித் தட்டோடு கையை அலம்பிக் கொண்டு எழுந்துவிடுகிறார். அந்தச் சின்னக் குழாயில் இருந்தது என்ன? நற்குணமா? சீசாவில் அடைத்து ஊசியில் ஏற்றுகிற புலனடக்கமா? அப்படியானால், இல்லாதது குணம் அல்ல, ஓலை என்று ஒப்புக் கொள்ளுங்கள். ஆனால் அவர்கள் ஒப்புக் கொள்ளவில்லை. "ஊசி போட்டு இளைப்பது சோம்பேறிகளின் வேலை" என்று புதிய உபதேசம் தொடங்கிவிட்டார்கள். கண்ணாடி போட்டுப் படிப்பது சோம்பேறிகளின் வேலை என்று அவர்கள் சொல்லுவதில்லை. அவர்களே கண்ணாடி போட்டிருக்கிறார்கள்.

ஊசிக்கு நான் தரகன் அல்லன். குமட்டலும் வாந்தியும் அதோடு வருகின்றன. நிறுத்தினால் ஒரு வருஷத்துக்குள் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிடுகிறது என்று 2022இல் அதே பரிசோதனைக்காரர்களே எழுதினார்கள். யாருக்கு அவசியம் என்று டாக்டர் சொல்லட்டும். நம் சிற்றாளுக்கு அது அவசியமும் இல்லை, அவனுக்கு எட்டவும் எட்டாது. அவனுக்கு எட்டக்கூடியது ரேஷன் கடை.

அந்தக் கடைக்குப் போவோம். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ அரிசி இலவசம். பசியால் சாவு இல்லாத ராஜ்யமாக இதை வைத்திருப்பது அந்த அரிசிதான். அதைப் பழிக்கிற நாக்கு என்னிடம் இல்லை. அதே கடையில் துவரம் பருப்பு 30 ரூபாய்க்கு ஒரு கிலோ கிடைக்கிறது. 2007இல் ஆரம்பித்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடு. இப்போது வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு அரிசி 166 கிராம். பருப்பு 8 கிராம். எட்டுக் கிராம் என்றால் உள்ளங்கைக் குழியில் கிடக்கிற அளவு. அதைக் கரைத்து ஊற்றினால்தான் தூக்குவாளியில் நான் பார்த்த அந்தத் தண்ணீர்க் குழம்பு வரும். மேற்கொண்டு பருப்பு வெளிச் சந்தையில் வாங்க வேண்டும். வெளிச் சந்தை விலை உங்களுக்கே தெரியும்.

இந்த நாட்டு ஜனங்கள் தங்கள் உஷ்ணத்தில் நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் மாவுச்சத்திலிருந்து எடுக்கிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொல்லுகிறது. 2023இல் அதே கழகத்தார் சர்க்கரை வியாதிக்காரர்களின் தொகையைப் பத்துக் கோடிக்கு மேல் என்று கணக்கிட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மேடைக்கு மேடை 'அரிசியைக் குறையுங்கள்' என்கிறார்கள். குறைத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைப்பது? காற்றையா? பள்ளிக்கூடச் சத்துணவில் முட்டை வைத்தபோதும் இப்படித்தான் செலவு செலவு என்றார்கள். இன்றைக்கு அந்த முட்டையைப் பிடுங்க எந்தக் கட்சிக்காவது தைரியம் உண்டா?

ஆகையால் உபதேசத்தை ஒரு வருஷம் நிறுத்தி வையுங்கள். அந்தக் கூட்டங்களுக்கும் துண்டுப் பிரசுரங்களுக்கும் ஆகிற பணத்தில் ஆரம்பித்து, போதாததற்குக் கஜானாவிலிருந்து எடுத்து, ரேஷன் கடையில் ஒரு கிலோப் பருப்பை மூன்று கிலோ ஆக்குங்கள். துவரையே வேண்டும் என்பதில்லை. பயறு, கொண்டைக் கடலை எதுவானாலும் சரி. அதற்குப் பிறகும் பதினொரு மணிக்கு அந்தச் சிற்றாள் பன் கேட்டால், மேஸ்திரி வாங்கிக் கொடுக்கட்டும். கல் சுமக்கிறவன் அவன்தானே.